ஸ்டாண்டர்டு: பெயர் போன ஒரு கார் கம்பெனி

தமிழில் 'ஸ்டாண்டர்டு' என்பது ஒரு பாராட்டு. 'ஸ்டாண்டர்டான கடை' என்றால் நம்பிப் போகலாம். 'அவங்க ஸ்டாண்டர்டே வேற' என்றால் நம்மைவிட ஒரு படி மேலே என்று அர்த்தம். இங்கிலாந்தில் கார் விற்கும் இடத்தில் அதே சொல்லுக்கு வேறு பொருள்: கூடுதல் வசதி எதுவும் இல்லாத, இருப்பதிலேயே விலை குறைந்த மாடல். கொஞ்சம் காசு உள்ளவர் டீலக்ஸ் கேட்பார். இல்லாதவர் ஸ்டாண்டர்டு எடுப்பார். இந்த இரண்டு அர்த்தங்களுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு பெயரைத் தொலைத்த ஒரு கம்பெனி உண்டு. ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி. 1903-ல் கோவென்ட்ரியில் தொடங்கியது, 1963-ல் அங்கே அந்தப் பெயரில் கடைசிக் கார் வெளிவந்தது. சென்னைக்குத் தெற்கே வண்டலூர் பக்கம் மட்டும் அதே பெயர் இன்னும் 25 ஆண்டுகள் ஓடியது.

பிரிட்டிஷ் கார் தொழில் ஏன் விழுந்தது என்று கேட்டால் கைவசம் சில பதில்கள் எப்போதும் தயாராக இருக்கும்: சங்கங்களின் வேலைநிறுத்தம், தரக்குறைவு, ஜப்பான். ஸ்டாண்டர்டின் கதையில் ஜப்பான் இல்லவே இல்லை. அந்தக் கார்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே கதை முடிந்துவிட்டது. வேலைநிறுத்தம் இருந்தது, ஆனால் அது கொன்றதாகச் சொல்ல முடியாது. எனக்குத் தோன்றுவது வேறு. இது மற்றவர்களுக்கு வேலை செய்தே வயிறு வளர்த்த கம்பெனி. ஒருவருக்கு விமானம், ஒருவருக்கு சேஸிஸ் என்கிற காரின் அடிச்சட்டம், ஒருவருக்கு டிராக்டர். எல்லாவற்றையும் நன்றாகவே செய்தது. செய்த பொருள்களில் பாதியின் முகப்பில் அதன் பெயர் இல்லை.

சரி, ஆரம்பத்திலிருந்து வருவோம்.

ரெஜினால்ட் மாட்ஸ்லி என்பவர் கட்டுமானப் பொறியாளர். லண்டன் டவர் பாலத்தோடு பெயர் சேர்ந்த சர் ஜான் உல்ஃப் பாரியிடம் வேலை பார்த்தவர். பாலமும் துறைமுகமும் கட்டவேண்டியவர் கார் செய்யப்போகிறேன் என்று கிளம்பியபோது, முதலாளி கோபப்படவில்லை. 3,000 பவுண்டு கொடுத்து அனுப்பினார். மாட்ஸ்லியின் கொள்ளுத்தாத்தா ஹென்றி மாட்ஸ்லி, லேத் இயந்திர வரலாற்றைத் தொட்டவர்கள் எல்லோரும் அறிந்த பெயர். ஒரு பட்டறையில் செய்த திருகு இன்னொரு பட்டறையின் நட்டில் ஏறாது என்றிருந்த காலத்தில், தன் பட்டறைக்குள் மரைகளை ஒரே அளவுக்குக் கொண்டுவந்தவர் அவர். அந்தக் குடும்பத்தில் பிறந்தவருக்குத் தன் காருக்கு ஸ்டாண்டர்டு என்று பெயர் வைக்கத் தோன்றியதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? புதுமை செய்கிறேன் என்று சோதித்துப் பாராத எதையும் காரில் போடமாட்டேன், நிலைபெற்ற நம்பகமான பாகங்களையே போடுவேன் என்பதுதான் அவர் சொல்லவந்தது. 1903-ல் அது கர்வத்தோடு சொல்லக்கூடிய சொல். நடுவழியில் நிற்காத கார் என்பதே அன்று பெரிய விஷயம்.

கோவென்ட்ரியில் மச் பார்க் தெருவில் சிறிய இடம். முதல் கார் ஒற்றை சிலிண்டர், மூன்று கியர். அந்த ஆண்டு முடிவதற்குள் மூன்று கார்கள்தான் முடிந்தன. 1905-ல் டூரிஸ்ட் டிராஃபி பந்தயத்தில் மாட்ஸ்லியே தன் காரை ஓட்டிக்கொண்டு போனார். 1906 வாக்கில் கட்டுப்படியாகும் விலையில் ஆறு சிலிண்டர் கார் தரும் கம்பெனி என்று பெயர் எடுத்தாகிவிட்டது. லண்டனில் கார் வியாபாரம் செய்த சார்லஸ் ஃபிரிஸ்வெல் உற்பத்தி முழுவதையும் நானே விற்றுத்தருகிறேன் என்று சேர்ந்தார், தலைவராகவும் ஆனார். விளம்பரம் தெரிந்த மனிதர். 1911 டில்லி தர்பாருக்கு ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் வந்தபோது, மன்னரின் பரிவாரத்துக்காக 70 ஸ்டாண்டர்டு கார்கள் போயின. ஆலையில் கார் செய்யத் தொடங்கி எட்டு வருடமே ஆன கம்பெனிக்கு அது பெரிய ஆர்டர். இந்தியாவுக்கும் இந்தப் பெயருக்கும் உள்ள சம்பந்தம் அங்கேயே தொடங்கிவிட்டது.

ஃபிரிஸ்வெல் 1912-ல் விலகினார். அவர் பங்குகளை வாங்கியவர்களில் ஒருவர் சீக்ஃபிரீட் பெட்மன், ஜெர்மனியில் பிறந்து கோவென்ட்ரிக்கு வந்து அந்த ஊரின் மேயராகவும் ஆனவர். டிரையம்ப் மோட்டார் சைக்கிளைத் தொடங்கியவர் அவர்தான். டிரையம்ப் என்ற பெயரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையின் வில்லன் என்று ஒருவரைச் சொல்லவேண்டுமென்றால், அது மனிதர் அல்ல, அந்தப் பெயர்தான்.

முதல் உலகப் போரில் கேன்லி என்ற இடத்தில் புது ஆலை போட்டு ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்களைக் கட்டிக்கொடுத்தார்கள். எல்லாம் பிறர் வரைந்த விமானங்கள். போர் முடிந்ததும் கேன்லியிலேயே கார் செய்யத் தொடங்கினார்கள். 1924-ல் விற்பனை ஆஸ்டின் கம்பெனியோடு ஒப்பிடும் அளவுக்கு வந்தது. அப்புறம் சரிவு. பத்தாண்டின் கடைசியில் பணமுடை கழுத்தைப் பிடித்த நேரத்தில்தான் ஜான் பிளாக் உள்ளே வந்தார்.

பிளாக்கைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்லவேண்டும். முதல் உலகப் போரில் டாங்கிப் படையில் இருந்த அதிகாரி. கார் முதலாளி வில்லியம் ஹில்மனின் மருமகன். 1929-ல் ஹில்மன் கம்பெனியை விட்டு இங்கே வந்தவர், 1934-ல் நிர்வாக இயக்குநர் ஆனார். அந்த ஆண்டு டிசம்பரில் மாட்ஸ்லி இறந்தார். அதற்குப் பிறகு இருபது ஆண்டு, ஸ்டாண்டர்டு என்றால் பிளாக், பிளாக் என்றால் ஸ்டாண்டர்டு. கண்டிப்பானவர், முன்கோபி, அதே நேரம் கோவென்ட்ரியில் வேறு யாரும் தராத கூலியைத் தொழிலாளிகளுக்குத் தந்தவர். சக முதலாளிகள் அவரைத் திட்டினார்கள், ஆலையில் திட்டவில்லை.

அவர் செய்த முதல் நல்ல காரியம், ஆலையை நிரப்ப வெளியாருக்கு சேஸிஸ் விற்றது. வாங்கியவர்களில் ஒருவர் வில்லியம் லையன்ஸ். ஸ்டாண்டர்டு சேஸிஸ், ஸ்டாண்டர்டு இன்ஜின், அதன்மேல் லையன்ஸ் போட்ட தாழ்வான நீண்ட உடல்: 1931-ல் எஸ்எஸ்1 என்ற கார் வந்தது. அந்தக் கம்பெனி பின்னால் ஜாகுவார் ஆயிற்று. ஜாகுவார் என்றதும் மனக்கண்ணில் வரும் அந்த அழகுக்கு அடியில் ஆரம்பத்தில் ஓடியது ஸ்டாண்டர்டின் இரும்புதான் என்பது அந்தக் காரை வாங்கியவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? போர் முடியும் சமயத்தில் அந்த ஆறு சிலிண்டர் இன்ஜின் செய்யும் கருவிகளையும் பிளாக் லையன்ஸுக்கே விற்றுவிட்டார். விற்ற பிறகு மனசு கேட்கவில்லை. லையன்ஸைப் போலத் தானும் ஒரு கவர்ச்சியான பெயரில் கார் விற்கவேண்டும் என்று ஆசை.

1944-ல் டிரையம்ப் விலைக்கு வந்தது. மோட்டார் சைக்கிள் பக்கம் ஏற்கெனவே தனியாகப் பிரிந்து போயிருந்தது. கார் பக்கம் 1939-ல் திவாலாகி, ஆலையும் ஜெர்மன் குண்டுவீச்சில் சிதைந்து கிடந்தது. 75,000 பவுண்டு கொடுத்து பிளாக் வாங்கியது ஏறத்தாழ ஒரு பெயரை மட்டும்தான். வீட்டில் ஒரு பெயர் இருக்கும்போது வெளியிலிருந்து இன்னொன்று. அப்போது யாருக்கும் அதில் ஆபத்து தெரியவில்லை.

சாம்பல் நிற டிராக்டர்

இரண்டாம் உலகப் போருக்கு முன்பே பிரிட்டிஷ் அரசு ஒரு ஏற்பாடு செய்திருந்தது. அரசு செலவில் ஆலை, அதை நடத்துவது கார் கம்பெனி, செய்வது போர்த் தளவாடம். நிழல் ஆலைகள் என்று பெயர். கோவென்ட்ரியின் ஓரத்தில் பேனர் லேன் என்ற இடத்தில் ஸ்டாண்டர்டு நடத்திய அப்படிப்பட்ட பெரிய ஆலையில் பிரிஸ்டல் ஹெர்குலிஸ் விமான இன்ஜின்கள் செய்தார்கள். மரத்தால் கட்டிய மஸ்கிட்டோ விமானங்கள் ஆயிரத்துக்கும் மேல் ஸ்டாண்டர்டு கையில் உருவாயின. பிளாக்குக்கு சர் பட்டம் கிடைத்தது. போர் முடிந்ததும் இன்ஜின் ஆர்டர் நின்றது, பேனர் லேன் காலியானது. அவ்வளவு பெரிய இடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அந்த நேரம் ஹாரி ஃபெர்குசன் ஆலை தேடிக்கொண்டிருந்தார். அயர்லாந்துக்காரர், பிடிவாதத்தில் பிளாக்குக்குச் சளைத்தவரில்லை. அவர் கண்டுபிடித்தது டிராக்டரை அல்ல. டிராக்டருக்கும் கலப்பைக்கும் உள்ள உறவை. அதுவரை கலப்பையைச் சங்கிலி போட்டு இழுத்துக்கொண்டு போனார்கள். ஃபெர்குசன் மூன்று இடங்களில் அதைப் பின்னால் மாட்டி, ஹைட்ராலிக் விசையால் தூக்கி இறக்கினார். கலப்பை இழுக்கும் பாரம் டிராக்டரின் பின்சக்கரத்தில் எடையாக இறங்கும். இலேசான டிராக்டரும் பிடித்து உழும். இன்று நம் வயலில் ஓடும் எந்த டிராக்டரின் பின்னால் பார்த்தாலும் அந்த மூன்று இணைப்புகள் இருக்கும்.

1946-ல் பேனர் லேனிலிருந்து டிஇ20 டிராக்டர் வரத் தொடங்கியது. சாம்பல் நிறம், சிறிய உருவம். 1956 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரியில் தென்துருவம் போய்ச் சேர்ந்தது இந்த டிராக்டர்களை ஓட்டிக்கொண்டுதான். ஸ்டாண்டர்டு செய்த எந்தக் காரும் இந்த அளவுக்கு உலகம் சுற்றவில்லை. ஆனால் முகப்பில் இருந்த பெயர் ஃபெர்குசன். விற்றதும் ஃபெர்குசனின் கம்பெனி. ஸ்டாண்டர்டு செய்துகொடுத்துக் கூலி வாங்கியது, நல்ல கூலி. கார் வியாபாரம் தள்ளாடிய வருடங்களிலெல்லாம் கணக்கைத் தூக்கி நிறுத்தியது அந்த டிராக்டர் பணம். அந்தப் பணம் வரும்வரை கார் பக்கத்துக் கோளாறு கண்ணில் படவில்லை என்றும் சொல்லலாம்.

அந்த டிராக்டருக்கு முதலில் அமெரிக்க இன்ஜின் இறக்குமதி செய்தார்கள். பிறகு ஸ்டாண்டர்டு தன் சொந்த இன்ஜினைப் போட்டது. அது காருக்கென்று வடிவமைத்த நான்கு சிலிண்டர் இன்ஜினின் குடும்பம். சிலிண்டர் குழாய்களைச் சுற்றி நேரடியாகத் தண்ணீர் ஓடும். தேய்ந்துபோனால் குழாயைக் கழற்றி வேறு போடலாம். முரட்டு இன்ஜின், எளிதில் சாகாது. இதைச் சற்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. கம்பெனி போன பிறகும் இந்த இன்ஜின் போகவில்லை. வண்டலூரில் மறுபடி வரும்.

ஒரே கார் போதும்

காரில் பிளாக்கின் கொள்கை சுலபம். பல மாடல் வேண்டாம், ஒன்றே போதும், அதை உலகம் முழுக்க விற்போம். ஏற்றுமதி செய்தால்தான் எஃகு ஒதுக்கீடு என்று அரசு நெருக்கிய காலம் அது. 1947-ல் அறிவித்த காருக்கு, பிரிட்டிஷ் கடற்படையின் புதிய போர்க்கப்பலின் பெயரையே வைத்தார்கள்: வேன்கார்டு. 2,088 சிசி, அந்த முரட்டு இன்ஜின். பின்பக்கம் கூன் விழுந்த அமெரிக்கச் சாயல். வடிவமைப்பாளர் வால்டர் பெல்குரோவை லண்டன் அமெரிக்கத் தூதரகத்தின் வெளியே நின்று அங்கே வரும் கார்களை வரைந்துவரச் சொன்னார் பிளாக் என்று கோவென்ட்ரியில் ஒரு கதை உண்டு. காரைப் பார்த்தால் நம்பத் தோன்றும்.

வேன்கார்டு விற்றது. ஆஸ்திரேலியா முதல் பல நாடுகளுக்குப் போனது. ஆனால் எல்லா முட்டையும் ஒரே கூடையில். சிறிய கார் வேண்டுமென்றவர்கள் ஆஸ்டின், மாரிஸ் பக்கம் போனார்கள். அந்த இடத்தைப் பிடிக்க 1953-ல் வந்தது ஸ்டாண்டர்டு எய்ட். வரியோடு சேர்த்து 481 பவுண்டு. விலையை அந்த அளவுக்கு இறக்க எதையெல்லாம் எடுத்தார்கள் தெரியுமா? டிக்கிக்கு வெளியே கதவு கிடையாது. பின் சீட்டை மடக்கி உள்ளிருந்தே பெட்டியைத் தள்ளவேண்டும். ஜன்னல் கண்ணாடி இறங்காது, பக்கவாட்டில் நகரும். வைப்பர் ஒன்று. சக்கர மூடி இல்லை. 'ஸ்டாண்டர்டு' என்ற சொல் மலிவு மாடலுக்கு ஆகிவந்துகொண்டிருந்த காலத்தில், அந்தச் சொல்லையே பெயராகக் கொண்ட கம்பெனி அந்த அர்த்தத்துக்கு இலக்கணமாக ஒரு காரைச் செய்து கடைக்கு அனுப்பியது. அடுத்த ஆண்டு கொஞ்சம் வசதி சேர்த்து 'ஸ்டாண்டர்டு எய்ட் டீலக்ஸ்' என்று விற்றார்கள். ஆங்கிலம் தெரிந்தவர் காதில் அது எப்படி விழும்? 'சாதா ஸ்பெஷல் தோசை' மாதிரி.

அதே 1953-ல் இன்னொரு காட்சி. பெல்ஜியத்தில் ஜாபெக் என்ற ஊரின் நெடுஞ்சாலை. சிறிய திறந்த கார் ஒன்று மணிக்கு 124 மைல் வேகத்தில் பறந்தது. உள்ளே இருந்தது வேன்கார்டின் இன்ஜின்தான். இரண்டு லிட்டருக்குள் அடங்குவதற்காக சிலிண்டர் விட்டத்தைக் குறைத்து 1,991 சிசி ஆக்கியிருந்தார்கள். டிராக்டர் இன்ஜின் போட்ட ஸ்போர்ட்ஸ் கார் என்று கேலி செய்தவர்கள் உண்டு, வாங்கியவர்கள் அவர்களைவிட அதிகம். அமெரிக்காவில் நன்றாகப் போனது. அதன் பெயர் டிரையம்ப் டிஆர்2. பெருமை யாருக்குப் போயிற்று என்று சொல்லவேண்டியதில்லை. சில வருடம் கழித்து ஸ்டாண்டர்டு டென் என்ற சிறிய காரை அமெரிக்காவில் விற்கும்போது, கம்பெனியே ஸ்டாண்டர்டு என்ற எழுத்தை எடுத்துவிட்டு டிரையம்ப் டிஆர்10 என்று ஒட்டியது. நான்கு கதவு குடும்பக் காருக்கு ஸ்போர்ட்ஸ் காரின் பெயர். சொந்தப் பெயரைச் சொல்ல வெட்கப்பட ஆரம்பித்தது அங்கேதான்.

1953 கடைசியில் பிளாக் ஒரு சோதனைக் காரில் போகும்போது ஆலை வாசலிலேயே விபத்து. நன்றாக அடிபட்டது. 1954 புத்தாண்டை ஒட்டி, இயக்குநர்கள் அவர் வீடு தேடிப் போய் ராஜினாமா வாங்கிக்கொண்டு வந்தார்கள். வெளியே சொன்ன காரணம் உடல்நலம். உண்மையான காரணம், அவரோடு இனிமேல் வேலை செய்ய முடியாது என்று எல்லோரும் முடிவு செய்தது. 37 வயது அலிக் டிக் தலைமைக்கு வந்தார்.

உடல் யாரிடம் இருக்கிறது?

டிக் வந்தபோதே கழுத்தில் ஒரு கயிறு விழுந்திருந்தது. கார் கம்பெனி என்றால் எல்லாவற்றையும் அதுவே செய்யும் என்று நினைப்போம். இன்ஜின், கியர் இவற்றை ஸ்டாண்டர்டு செய்தது. தகட்டை அழுத்திக் காரின் உடலைச் செய்யும் பிரம்மாண்ட பிரஸ் வேலை வெளியாரிடம். சிறிய காரின் உடலைச் செய்துதந்த ஃபிஷர் அண்ட் லட்லோ கம்பெனியை 1953-ல் போட்டியாளரான பிஎம்சி வாங்கிவிட்டது. ஆஸ்டினும் மாரிஸும் சேர்ந்த கம்பெனி அது. அடுத்த மாடலுக்கு உடல் செய்துதர மாட்டோம் என்பது தெளிவானது. அந்தக் காலத்துப் புதுக் கார்கள் சேஸிஸ் இல்லாமல் உடலே எலும்புக்கூடாக இருக்கும் முறைக்கு மாறிக்கொண்டிருந்தன. அதற்கு ஒரே இடத்தில் பெரிய பிரஸ்கள் வேண்டும். ஸ்டாண்டர்டிடம் இல்லை.

வேறு வழியில்லாமல் பிறந்ததுதான் ஹெரால்டு. தனி சேஸிஸ், அதன்மேல் துண்டு துண்டாகச் செய்த உடல் பாகங்களை போல்ட் போட்டு முறுக்குவது. துண்டுகளை வெவ்வேறு சின்ன ஆலைகளில் செய்துகொள்ளலாம். காலத்துக்குப் பின்னே போன முறை. ஆனால் இத்தாலியின் டூரின் நகரத்து ஜியோவானி மிக்கலோட்டி அதற்குக் கூர்மையான கோடுகளோடு ஓர் உடல் வரைந்துகொடுத்தார், குறை மறைந்துவிட்டது. முன்பக்கம் மூக்கும் மட்கார்டும் சேர்ந்து முழுசாக முன்னோக்கித் திறக்கும். முதலை வாய் திறந்தது மாதிரி. டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு மெக்கானிக் வேலை பார்க்கலாம். திரும்பும் வட்டம் லண்டன் டாக்ஸிக்குச் சவால் விட்டது. துண்டுகளாகப் பெட்டியில் கட்டி வெளிநாட்டுக்கு அனுப்பிப் பூட்டுவதும் சுலபம்.

1959-ல் காரை வெளியிட்டபோது முகப்பில் டிரையம்ப் ஹெரால்டு. இவ்வளவு நல்ல காருக்கு ஸ்டாண்டர்டு என்ற பெயரை வைத்துக் கெடுக்கவேண்டாம் என்று சொந்தக் கம்பெனியே நினைத்தது.

அதே 1959-ல் டிராக்டர் தொழிலும் பேனர் லேனும் மாஸி ஃபெர்குசன் கைக்குப் போயின. வந்த பணத்தில் உடல் செய்யும் சிறு கம்பெனிகளை வாங்கினார்கள். திட்டம் தவறில்லை, நேரம்தான் தவறு. 1960-ல் அரசு கடனை இறுக்கியது, கார் விற்பனை படுத்தது, தாங்கிப்பிடிக்க டிராக்டர் இல்லை. டிசம்பரில் லாரி கம்பெனியான லேலண்டு வந்து விலை பேசியது. 1961-ல் ஸ்டாண்டர்டு டிரையம்ப் அவர்களுடையதானது. சில மாதங்களில் டிக் வீட்டுக்குப் போனார். 1963-ல் வேன்கார்டு வரிசையை நிறுத்திவிட்டு டிரையம்ப் 2000 கொண்டுவந்தார்கள். பிரிட்டனில் ஸ்டாண்டர்டு கார் அதோடு சரி. 75,000 பவுண்டுக்கு வாங்கிவந்த பெயர் வீட்டுப் பெயரை விழுங்க இருபது வருடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. அந்த டிரையம்பும் 1968-ல் பிறந்த பிரிட்டிஷ் லேலண்டு என்ற பெருங்கூட்டத்தில் கரைந்து, கேன்லியில் கார் உற்பத்தி 1980-ல் நின்று, 1984-ல் கார் உலகிலிருந்து காணாமல் போனது தனிக்கதை.

வண்டலூரில்

சென்னையில் கதை நேர் எதிராக ஓடியது. யூனியன் கம்பெனி மோட்டார்ஸ் என்ற சென்னை நிறுவனமும் கோவென்ட்ரியும் சேர்ந்து 1948-ல் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியாவைத் தொடங்கின. வண்டலூரை ஒட்டிய பெருங்களத்தூரில் ஆலை. முதலில் வேன்கார்டைப் பூட்டினார்கள், பிறகு டென், பென்னன்ட். 1953-ல் இந்திய அரசு, பாகங்களை இறக்கிப் பூட்டுகிற வேலை மட்டும் போதாது, இங்கேயே செய்யத் திட்டம் உள்ளவர்கள் மட்டும் இருக்கலாம் என்றது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கிளம்பின. ஸ்டாண்டர்டு தங்கியது. அன்றிலிருந்து முப்பது வருடம் இந்தியாவில் கார் என்றால் கல்கத்தாவின் அம்பாசடர், பம்பாயின் ஃபியட், சென்னையின் ஸ்டாண்டர்டு என்று மூன்றே பெயர்.

1961-ல் ஹெரால்டு இங்கே வந்தது. பிரிட்டனில் டிரையம்ப் ஹெரால்டு, இங்கே ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அங்கே மலிவு என்று கழற்றி எறிந்த அதே எழுத்தை இங்கே மரியாதையாகப் பொருத்தினார்கள். நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு உள்ள மதிப்பு அப்படி. அம்பாசடரும் ஃபியட்டும் உருண்டை முதுகோடு நிற்கும் தெருவில் ஹெரால்டின் கத்தி மடிப்பு தனியாகத் தெரிந்தது. இரண்டு கதவு நம் குடும்பங்களுக்குப் போதாது என்பதால், பிரிட்டனில் என்றுமே இல்லாத நான்கு கதவு ஹெரால்டையும் இங்கே செய்தார்கள்.

ஒரு குறை மட்டும் தீராத தலைவலி. பின் சக்கரங்கள் தனித்தனியாக ஊசலாடும் அச்சு. பாரம் ஏறினால் சக்கரங்கள் ஒரு பக்கம் சாயும், இலேசானால் இன்னொரு பக்கம். இரண்டு பேர் போகும் ஆங்கிலேயக் காரில் ஆறு பேரையும் திருப்பதி மூட்டையையும் ஏற்றினால் என்ன ஆகும்? மெக்கானிக்குகளுக்கும் அந்த அமைப்பு பிடிக்கவில்லை. 1972-ல் கஸெல் என்ற மாடலில் அதைத் தூக்கிவிட்டு வழக்கமான முழு அச்சைப் போட்டார்கள். இன்ஜின் அதே 948 சிசி. 1977-ல் அதுவும் நின்றது. பிறகு சில வருடம் வேன் மட்டும்.

1985-ல் கடைசி முயற்சி. ரோவர் எஸ்டி1 என்பது பிரிட்டிஷ் லேலண்டு செய்தவற்றில் கம்பீரமானது. 1977-ல் ஐரோப்பாவின் சிறந்த கார் விருது வாங்கியது. அதன் உடல் செய்யும் அச்சுகளை வாங்கிவந்து ஸ்டாண்டர்டு 2000 என்று வெளியிட்டார்கள். மாருதி வந்து மக்களுக்கு ஆசை காட்டியிருந்த நேரம், பெரிய கார் விற்கும் என்ற கணக்கு தப்பில்லை. ஆனால் மேலே ரோவரின் நீண்ட கண்ணாடிச் சரிவு, பானெட்டைத் திறந்தால் 1,991 சிசி நான்கு சிலிண்டர். ஆம், அதேதான். வேன்கார்டுக்கென்று 1940-களில் பிறந்து, வயலில் உழுத குடும்பத்தைச் சேர்ந்தது. ஒரிஜினல் ரோவர் 3.5 லிட்டர் வி8-ல் 155 குதிரைத்திறன் கொடுத்தது. வண்டலூர் ரோவருக்கு 83. கியர் நான்கு. விலை மட்டும் உடலுக்கு ஏற்றபடி. வாங்க வந்தவர் உருவத்தைப் பார்த்து மயங்கி, ஓட்டிப் பார்த்துத் தெளிந்து திரும்பிப் போனார். 1988-ல் நிறுத்திவிட்டார்கள்.

இதில் என்னைச் சங்கடப்படுத்துவது, அந்த இன்ஜின் கெட்ட இன்ஜின் அல்ல என்பதுதான். கலப்பைக்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கும் ஒருசேர உழைத்தது அது. நாற்பது வருடம் கழித்து ஒரு சொகுசுக் காரின் மூக்கில் வைத்து அதை அவமானப்படுத்தியிருக்க வேண்டாம்.

இன்னொரு கிளை நன்றாகவே தழைத்தது. பேனர் லேனை எடுத்துக்கொண்ட மாஸி ஃபெர்குசனின் ஒத்துழைப்போடு 1960-ல் சென்னையில் தொடங்கியது டாஃபே என்ற டிராக்டர் கம்பெனி. ஃபெர்குசனின் அந்த மூன்று இணைப்பு ஏற்பாடு, சிவப்பு நிற டிராக்டரில் தமிழ்நாட்டு வயல்களுக்கு வந்து சேர்ந்தது அந்த வழியாக. பிறருக்குச் செய்துகொடுத்த பொருள்தான் கடைசியில் நின்று பிழைத்தது.

பெருங்களத்தூர் ஆலை வழக்கும் பூட்டுமாக வருடக்கணக்கில் கிடந்தது. 2006 கடைசியில் இடமும் சாமான்களும் விலைபோயின. ஜிஎஸ்டி சாலையில் தாம்பரம் தாண்டிப் போகிறவர்களுக்கு அங்கே இன்று தெரிவது அடுக்குமாடிகளும் ஐடி அலுவலகங்களும். ஏலத்தில் ஸ்டாண்டர்டு 2000-க்கென்று செய்துவைத்து விற்காமல் கிடந்த உதிரி பாகங்களும் இருந்தன. ரோவர் எஸ்டி1 அசல் ஊரில் நின்று இருபது வருடம் ஆகியிருந்ததால், அங்கே பழைய கார் வைத்திருந்தவர்கள் சில பாகங்களுக்கு அலைந்துகொண்டிருந்தார்கள். இங்கிலாந்தைச் சேர்ந்த ஓர் உதிரி பாக நிறுவனம் அவற்றை வாங்கி, வண்டலூரிலிருந்து கப்பலேற்றிக்கொண்டு போனது.